அந்தக் கசெற்றில் கிற்றார் வாசித்தது நான்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்று மாடி வீடு கட்டியவன் நான். மேசன்தான் கட்டினார் என்று சிலர் சொல்லுவார்கள். மேசன் கல் வைத்தார், கட்டியது நான். துறைமுகத்தில் பழைய இரும்பென்று ஒதுக்கிய லேத் மெஷின் ஒன்றை லொறியில் ஏற்றி வந்து, இரண்டு வருடம் மினக்கெட்டு ஓட வைத்தேன். அந்த ஒன்று நான்காகி என் வேர்க்‌ஷொப் ஆனது. எங்கள் மாதா கோவிலின் தண்ணீர்ப் பம்பைப் படித்த எஞ்சினியர்மார் மூவர் வந்து பார்த்து, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒரு பின்னேரத்தில் திருத்திக் கொடுத்தேன். இன்றைக்கும் ஓடுகிறது. கோவிலின் முன் கேற்றும் என் கை வேலைதான். மூன்று பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். ஒருத்தி கணக்காளர், ஒருத்தி ரீச்சர், மற்றவள் படித்ததை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டாள். அது என் பிழை இல்லை. என்னைப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கைவிட்டது. பதினொரு வயதில் கராஜில் கிறீஸ் துடைக்கப் போனவன். பெரும்பகுதியை யுத்த காலத்தில் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை எங்கே, பொலிஸ் பதிவு எங்கே என்று இரண்டு தரம் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு தரமும் திரும்பி வந்து, அடுத்த நாள் காலை ஏழரைக்கு வேர்க்‌ஷொப்பைத் திறந்தேன்.

இவற்றை எல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நிற்கிறது. நாற்பத்து மூன்று வயதில் நான் ஸ்லைட் கிற்றார் பழகினேன். கீச்சுச் சத்தம் இல்லாமல், இரைச்சல் இல்லாமல், துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி வாசித்தேன். எங்கள் கோவில் பாடகர் குழு வெளியிட்ட தவக்காலப் பாட்டுக் கசெற்றில் கேட்பது என் வாசிப்பு. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கிற்றாரை நாங்கள் அப்போது ஹவாய் கிற்றார் என்போம். மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் இழுத்து வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தால் மனிதக் குரல் மாதிரி அழும். நன்றாக வாசிக்காவிட்டால் என்ன செய்யும் என்பது கொட்டாஞ்சேனைக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டு ஜன்னல்கள் தெருப் பக்கம் திறந்திருந்தன.

பாடகர் குழுவை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். என்னைவிட ஆறு வயது இளையவர். யுத்தத்தால் எங்கள் கோவில் பங்கில் பாதிக் குடும்பங்கள் வெளிநாடு போய்விட்டன. எங்கள் பாட்டுகளை அனுப்புங்கள் என்று அங்கிருந்து கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மாஸ்டர் ஒரு கசெற் போட முடிவு செய்தார். அழுகிற மாதிரி ஒரு வாத்தியம் இருந்தால் நல்லது என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"நான் வாசிக்கிறேன்" என்றேன்.

புறக்கோட்டையில் வாங்கிய பழைய கிற்றார் ஒன்று வீட்டில் கிடந்தது. வாசிக்கத் தெரியாது. அதனால் என்ன? லேத் மெஷினும் எனக்குத் தெரியாமல்தான் வந்தது.

முதல் ஒத்திகை ஆனி மாதம். நான் பழைய றேடியோவிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு அம்பிளிஃபயர் செய்து எடுத்துப் போனேன். முழுச் சத்தத்தில் வைத்து வாசித்தேன். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"அண்ணே, குறை நினைக்காதீங்க. இது ஆண்டவர் சிலுவை சுமக்கிற பாட்டு. நீங்க வாசிச்சா சிலுவைக்கு வண்டிச் சில்லு பூட்டி இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

பின் வரிசையில் மேல்குரல் பாடுகிற ஒரு அம்மா இருந்தார். அவருக்கு எப்போதும் கடைசிச் சொல் வேண்டும்.

"எண்ணெய் போடாத சில்லு, மாஸ்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் மாஸ்டர் ஒரு தவணை வைத்தார். "தைப்பொங்கல் கழிஞ்சு வர்ற ஞாயிறு திரும்பக் கேக்கிறேன். சுத்தமா வந்தா நீங்கதான் கசெற்ல. வராட்டி அந்த இடத்தைக் கீபோர்ட்ல வாசிச்சிடுவோம்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த அம்மா சொன்னதைத்தான் யோசித்தேன். நான் ஃபிற்றர். இரும்பும் இரும்பும் உரசினால் கத்தும். கத்தினால் எண்ணெய் போட வேண்டும். முப்பது வருடமாக அதுதான் என் தொழில். மனைவியின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக் கம்பி ஆறுக்கும் பூசினேன்.

கீச்சுச் சத்தம் போய்விட்டது, ஒரு பின்னேரத்துக்கு. கம்பியின் சத்தமும் அதோடு போய்விட்டது. பாயில் சுற்றிய தகரத்தைத் தட்டுவது போல் இருந்தது. இரும்புக் கட்டை கையிலிருந்து வழுக்கிப் போய் மனைவி அயன் பண்ணி மினுக்கி வைத்திருந்த சேலை மேல் விழுந்தது. அடுத்த நாள் தூசி பிடித்துக் கம்பி முழுக்கக் கறுப்புக் களிம்பு.

"நீங்க பாட்டுப் படிக்கிறீங்களா, மெஷின் ரிப்பேர் பண்றீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப சேலைக்கும் ஒரு ரிப்பேர் பாருங்க."

எண்ணெய் சரிவரவில்லை என்றால் பிழை கட்டையில் என்று தீர்மானித்தேன். லேத்தில் புதிதாக ஒன்று கடைந்தேன். அதுவும் கத்தியது. பித்தளையில் ஒன்று. கப்பல் பம்பின் தண்டிலிருந்து வெட்டிய துருப்பிடிக்காத இரும்பில் ஒன்று. மொத்தம் ஒன்பது. கடைசிக் கட்டையில் நீங்கள் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. கொழும்பில் எந்தக் கடையிலும் அப்படி ஒன்று வாங்க முடியாது. அதைக் கம்பியில் வைத்து இழுத்தேன். பழைய கீச்சு அப்படியே வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டையைச் சுவரில் எறிந்தேன். சுவரில் இன்னும் பள்ளம் இருக்கிறது; மேலே மாதா படம் மாட்டியிருக்கிறோம்.

புரட்டாதி முடிந்துவிட்டது. வேறு வழி இல்லாமல் வெள்ளவத்தைக்குப் போனேன்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில், ஹவாய் கிற்றார் சொல்லிக்கொடுக்கிற ஒரு மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்து ஆள். வாரநாட்களில் ஏதோ ஒஃபிஸில் கிளார்க், சனிக்கிழமைகளில் கிற்றார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மாணவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். அதற்குள் நான்.

முதல் சனிக்கிழமை போய்ச் சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. ஒன்பது இரும்புக் கட்டைகளைத் துவாயில் சுற்றி ஒரு பை, வயர் தொங்குகிற அம்பிளிஃபயர் பெட்டி ஒன்று, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சோதனைச் சாவடியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்காவிட்டால் அந்தப் பொலிஸ்காரருக்குத்தான் வேலை போயிருக்கும். துவாயை விரித்தார்.

"மொனவத மேவா, அய்யே?" இவை என்ன என்கிறார்.

"கிற்றார் எக்கட்ட, மாத்தயா." கிற்றாருக்கு என்றேன்.

அவர் நம்பவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, பஸ் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, சிலுவைப் பாட்டின் முதல் அடியை இழுத்தேன்.

"மேக்க கிற்றார் எக்கக்த, பூசெக்த?" என்றார் அவர். இது கிற்றாரா, பூனையா? பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த தமிழ்ச் சனமும் சேர்ந்து சிரித்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் போகவிட்டார்கள். குண்டு வைக்கிறவன் இப்படி வாசிக்க மாட்டான் என்று நினைத்திருக்கலாம்.

மிஸ் என் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். புகழப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பிப் போய் அம்பிளிஃபயரின் பிளக்கைக் கழற்றினார்.

"ஐயா, இரும்பில ஒரு பிழையும் இல்லை. பிழை கையிலதான். இனி மூண்டு கிழமைக்கு நீங்கள் கம்பியைத் தட்டப்படாது."

"தட்டாம எப்படி வாசிக்கிறது, மிஸ்?"

"வாசிக்க வேண்டாம். கட்டையை மட்டும் மேலையும் கீழையும் கொண்டுபோங்கோ. ஒரு சத்தமும் வரக்கூடாது. கட்டைக்குப் பின்னால மற்ற விரலுகள் கம்பியில தொட்டபடி வரவேணும். முதல்ல சத்தம் இல்லாமல் வாசியுங்கோ, பிறகு சத்தத்தோட வாசிக்கலாம்."

கிற்றார் படிக்க வந்தவனிடம் கிற்றாரை வாசிக்காதே என்கிறார். நான்கு மெஷின் வைத்திருக்கிற ஆள் நான். எனக்குக் கீழே ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அந்தக் குட்டி ஸ்டூலில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, சத்தம் வராத வாத்தியம் வாசித்தேன்.

அதைவிட மோசமானது, கோடு போடுவதற்கு அவர் வைத்திருந்த அடிமட்டம். மிஸ் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளின் கொப்பி திருத்துவார். என்னைப் பார்க்கவே மாட்டார். என் கம்பியிலிருந்து உரசல் கேட்டால் மேசையில் அடிமட்டத்தால் ஒரு தட்டு. இன்னோர் உரசல், இன்னொரு தட்டு. சொல் ஒன்றும் கிடையாது. தட்டுதான். பெண் பிள்ளைகள் அதை எண்ணத் தொடங்கினார்கள்.

"அங்கிள், இண்டைக்கு நாப்பத்தாறு."

"போன கிழமை முப்பத்தொம்பதுதானே? அங்கிள் பின்னுக்கெல்லோ போறார்."

மூன்று கிழமை முடிந்து கம்பியைத் தட்ட அனுமதி கிடைத்தது. அப்போதும் அடிமட்டம் ஓயவில்லை. ஒரு சனிக்கிழமை நான்கு சுரம் சேர்த்து வாசிப்பதற்குள் நான்கு தட்டு. நான் எழும்பினேன்.

"மிஸ், நான் தச்சு வேலை பழக வரல்ல. எனக்குச் சொல்லித்தர்றதெண்டா வாயால சொல்லுங்க."

"வாயாலதான் முதல் நாளே சொன்னனான். கையை அழுத்தாதேங்கோ, பின் விரலைத் தூக்காதேங்கோ. நீங்கள் கேக்கேல்லை."

"நான் கேட்டது எல்லாம் அந்த அடிமட்டத்தைத்தான்!"

கிற்றாரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் ஒரு பிள்ளை "அங்கிள், கட்டையை விட்டுட்டுப் போறீங்கள்" என்று கூப்பிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் இன்னும் எட்டு இருந்தன.

இரண்டு கிழமை போகவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. மாஸ்டர் தெருவில் கண்டால் "எப்படி அண்ணே?" என்பார், "பிரமாதம்" என்பேன். ஆனால் கீபோர்ட் வாசிக்கிறவர் என் பகுதியை ஏற்கெனவே பழகத் தொடங்கிவிட்டார் என்று அந்த மேல்குரல் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். சொல்லத்தான் வந்தார், சந்தைக்குப் போகிற வழியாம்.

அந்தக் கிழமைதான் ஒரு நீளமான வெண்கலக் கம்பியை லேத்தில் பூட்டிக் கடைந்தேன். கம்பியின் ஒரு துண்டு மெஷினுக்குப் பின்பக்கம் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. மெஷின் சுற்றத் தொடங்கியதும் அந்த வால் பாம்பு மாதிரி துடித்தது. முன்னால் உளி வைத்த இடமெல்லாம் அலை அலையாகக் கீறல். இது எந்த ஃபிற்றருக்கும் தெரிந்த விஷயம். பின்னால் ஒரு தாங்கு வைத்துத் துணியைச் சுற்றி வாலைப் பிடித்துவிட்டால் முன்னால் வேலை சுத்தமாக வரும். வைத்தேன். துடிப்பு நின்றது.

நான் மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். கிற்றாரிலும் கட்டைக்கு முன்னால் இருக்கிற கம்பி பாடுகிறது. கட்டைக்குப் பின்னால் இருக்கிற கம்பி வால். அது துடிக்கிறது. பின் விரல்தான் தாங்கு. நான் அழுத்திப் பிடிக்கும்போதெல்லாம் விரல்கள் மேலே எழும்பி, வாலைத் துடிக்க விட்டிருக்கிறேன். எண்ணெய், ஒன்பது கட்டை, அம்பிளிஃபயர், எல்லாம் வால் துடிக்கும்போது உளியை மாற்றிய முட்டாள் வேலை. வேறொருவன் என் வேர்க்‌ஷொப்பில் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

சனிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன்.

"மிஸ், நான் கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னத்தை?"

"பின்னால இருக்கிற கம்பிதான் துடிக்குது. விரலால அதைப் பிடிச்சா நிக்கும்."

மிஸ் என் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஓம்" என்றார். "இருங்கோ."

இதை நான் கண்டுபிடித்தேன் என்றே இன்றைக்கும் சொல்லுவேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு அதைக் காட்டியது என் லேத்.

அதற்குப் பிறகு தட்டுகள் குறைந்தன. இருபது, பன்னிரண்டு, ஐந்து. கட்டையை அழுத்தாமல் அதன் சொந்தப் பாரத்தில் விடப் பழகினேன். கிற்றாரின் கழுத்திலுள்ள கோட்டுக்கு நேர் மேலே நிறுத்தப் பழகினேன். தட்டி முடிந்த கம்பியை வலது உள்ளங்கையால் அணைக்கப் பழகினேன். அம்பிளிஃபயரை மிகச் சின்னச் சத்தத்தில் வைக்கப் பழகினேன்; என்னைப் போன்ற ஒருவனுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை ஒரு முழுப் பாட்டை வாசித்தேன். அடிமட்டம் மேசையில் கிடந்தது. பிள்ளைகள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மிஸ் திரும்பவில்லை. கொப்பித் தாளைப் புரட்டிவிட்டு, "அடுத்த பாட்டு" என்றார். இதுதான் அவர் தந்த சேர்ட்டிஃபிக்கெற்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு பாடகர் குழு முழுவதும் இருந்தது. வாசித்தேன். மேல்குரல் அம்மா எட்டி அம்பிளிஃபயருக்குப் பின்னால் பார்த்தார். மாஸ்டர் கிட்ட வந்து கிற்றாரைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, புதுக் கிற்றார் வாங்கிட்டீங்களா?"

ஏழு மாதம்! நான் மாறினேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிற்றார் மாறியிருக்க வேண்டுமாம்.

பதிவு நுகேகொடையில், ஒரு வீட்டின் பின்னறையில். சுவரெல்லாம் மெத்தை சாத்தியிருந்தார்கள். நகரத்தில் கெடுபிடி அதிகமான கிழமை. மூன்று இடத்தில் இறக்கி ஏற்றினார்கள், ஐந்து பேர் வரவே முடியவில்லை. நான் வந்தேன். ஏழு பாட்டுக்கும் வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களத் தம்பி காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, "அங்கிள், சத்தெ ஹரி கிளீன்" என்றான். மிகவும் சுத்தமாம். மாஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டார்.

கசெற் வந்தது. உறையில் ஒருவருடைய பெயரும் இல்லை. ஏன் என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"கோவில் வேலைக்குப் பெயர் எதுக்கண்ணே? ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்குத் தெரியும், சரி. கொட்டாஞ்சேனைக்குத் தெரியாதே! அந்த வருடமே ஒரு செத்த வீட்டில் கசெற்றைப் போட்டார்கள். என் பக்கத்துக் கதிரையில் இருந்த துறைமுகக் கிளார்க் ஒருவர், "என்ன அருமையான வயலின்" என்று கண்ணைத் துடைத்தார்.

"அது வயலின் இல்ல. நான்தான் வாசிச்சேன், கிற்றார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா இருங்க அண்ணே. உங்க கிற்றாரை எங்க தெருவே கேட்டிருக்கு."

என் கோபம் உங்களுக்கு விளங்குகிறதா? கத்திய காலத்தில் எல்லோரும் கேட்டார்கள். அது நான் என்று எல்லோருக்கும் தெரியும். சுத்தமாக வாசித்ததும், அது நானாக இருக்க முடியாது என்கிறார்கள்.

வருடங்கள் போயின. மாஸ்டர் இப்போது இல்லை. மிஸ் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு டிசம்பரில் நத்தார் வாழ்த்து அனுப்பினார், பிறகு கடிதம் இல்லை. கீபோர்ட்காரர் கனடாவில், கேட்டால் ஞாபகம் இல்லையாம். இந்த வருடம் பங்கின் விழாவுக்கு அந்தப் பழைய கசெற்றைச் சீடியாகப் போடுகிறார்கள். இந்த முறை எல்லோருடைய பெயரும் போடுவோம் என்று விழாக் குழு முடிவு செய்தது. உறையின் மாதிரியைக் கோவில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். கீபோர்ட்: அவர் பெயர். தபேலா: அவர் பெயர். அடுத்த வரி, வயலின்: பெயர் தெரியவில்லை.

குழுச் செயலாளரிடம் நேரே போனேன். மரியாதையான பிள்ளை, கதிரை போட்டார்.

"அங்கிள், நாங்க நாலு தரம் கேட்டுப் பாத்தோம். கிற்றார் எண்டா விரல் உரசுற சத்தம் எங்கயாவது இருக்குமே. ஒரு இடத்துலயும் இல்லையே?"

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. இத்தனை வருடம் ஒருவரிடமும் சொல்லாத பதில். சொல்லாமலே போய்ச் சேரலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கும் வாயைத் திறக்காமல் எழும்பி வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்கி மூன்றாவது அடி. பாடுகிறவர்கள் மூச்சு எடுக்கிற இடத்தில் நான் மேலிருந்து கீழே ஓர் இழுவை இழுப்பேன். அதன் அடியில் என் சின்ன விரல் கம்பியைவிட்டு எழும்பிவிட்டது. ஒரு கீச்சு. குருவிக்குஞ்சு ஒரு தரம் வாயைத் திறந்து மூடுகிற அளவு. நுகேகொடைத் தம்பிக்குக் கேட்கவில்லை, மாஸ்டருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. திரும்ப எடுப்போம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் எல்லோரும் சுத்தம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஏழு பாட்டில் என் பிழை அது ஒன்றுதான். காதுக்கருவி போட்டு, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். வில் போட்டு வாசிக்கிற வயலினில் அந்தச் சத்தம் வரவே வராது. சந்தேகம் என்றால் வயலின் வாசிக்கிற எவரையாவது கூட்டி வந்து கேளுங்கள்.

ஆகவே விழாக் குழுவுக்கு எழுத்தில் சொல்கிறேன். 'வயலின்: பெயர் தெரியவில்லை' என்கிற வரியை எடுங்கள். அந்த இடத்தில் 'ஸ்லைட் கிற்றார்' என்று போட்டு, என் முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு, எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள். கீபோர்ட்டுக்கு மேலே போடுங்கள். அவர் இரண்டு பாட்டுக்கு வரவில்லை, நான் ஏழுக்கும் வந்தேன். இடம் மிஞ்சினால் கீழே சின்ன எழுத்தில் 'பயிற்றுவித்தவர்' என்று வெள்ளவத்தை மிஸ்ஸின் பெயரையும் போடலாம், பெயரை நான் தருகிறேன். உறை அச்சுக்குப் போவதற்கு முன் திருத்திய மாதிரியை என்னிடம் காட்டுங்கள். காலை ஏழரையிலிருந்து வேர்க்‌ஷொப்பில் இருப்பேன்.